நாலாவது வீட்டுக் குழாய்

அம்சாவை இதுவரை யாரும் திருடி என்று சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், சொந்தத் தெருவில், மூன்று வருஷத்துக்கு முன்னால் குடிவந்த ஒருத்தியின் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தது போலும். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"திருடின்னு நான் எங்கக்கா சொன்னேன்? மோட்டார் வெச்சு இழுக்கறீங்களான்னுதானே கேட்டேன்?" என்றாள் அமலா. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். இரண்டும் காலி.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. ஊர்த் தண்ணியை மோட்டார் வெச்சு இழுக்கறவளுக்கு வேற பேரு இன்னா?"

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர் அது. பிள்ளையார் கோயில் தெருவில் ஒரே குழாய் வரிசையில் ஐந்து வீடுகள். முதல் வீடு ஜெகதீசனுடையது. இரண்டாவது வார்டு மெம்பர் தமிழ்மணியின் வீடு. மூன்றாவது கவிதாவின் வீடு, நாலாவது அம்சாவின் வீடு. கடைசி வீடு அமலாவுடையது. காலை ஐந்தரைக்கு டேங்க்கிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் ஆறரைக்கு நிறுத்திவிடுவார்கள். இந்த ஒரு மணி நேரத்தில் பிடித்தால்தான் உண்டு.

அமலாவின் வீட்டில் இரண்டு மாசமாக ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும், அவ்வளவுதான். அவள் புருஷன் ஆரோக்கியராஜ் வானூர் பக்கம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்துப் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவனைத் துடைக்கவும், துணி துவைக்கவும், சோறு பொங்கவும் அமலா ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பம்ப்செட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். அதற்கப்புறம் வேர்க்கடலைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போக வேண்டும். தனக்கு முந்தின வீட்டுக்காரியைப் பார்த்து அவள் கேட்காமல் வேறு யாரைப் பார்த்துக் கேட்பாள்? இதெல்லாம் அம்சாவுக்குப் பிற்பாடுதான் தோன்றியது. அன்றைக்குத் தோன்றியதெல்லாம், இவள் யார் என்னைக் கேட்பதற்கு என்பதுதான்.

அமலா சும்மா இருக்கவில்லை. ஐந்து வீட்டையும் இன்ஜினியர் வந்து சோதனை போட வேண்டும் என்று ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி, பி.டி.ஓ. ஆபீசில் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். சேதி தமிழ்மணியின் காதுக்குப் போனது. அந்தச் சனிக்கிழமை சாயந்திரமே அவன் எல்லோரையும் பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிட்டுவிட்டான்.

"ஆபீசரு வந்தா இன்னா பண்ணுவான்? அஞ்சு வூட்டு வாசலையும் தோண்டுவான். சிமெண்டு போட்டதெல்லாம் ஒடையும். நம்ம தெரு பேஜாருக்கு வெளியாளு எதுக்கு?" என்று ஆரம்பித்தான் தமிழ்மணி. "அமலாவுக்குச் சந்தேகம் அம்சா அண்ணி மேலதானே? அண்ணி வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். அவங்க ஒரு கற்பூரம் அடிச்சுச் சொல்லட்டும். மேட்டரு முடிஞ்சுது."

"அதான் சரி" என்றான் ஜெகதீசன். கவிதாவும் தலையை ஆட்டினாள். அவ்வளவு சீக்கிரம் அந்தத் தெருவில் எந்த விஷயத்திலும் எல்லோரும் ஒத்துப்போனதே கிடையாது.

அம்சாவுக்கு அந்த ஆத்திரத்திலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் சொல்லுக்கு இருந்த மரியாதை அப்படி. பால் சொசைட்டியில் மற்றவர்களின் பாலில் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். அம்சாவின் கேனை மட்டும் அப்படியே வாங்கிக் கவிழ்ப்பார்கள். வரப்புத் தகராறு ஒன்றில் சொந்தக் கொழுந்தனுக்கு எதிராகவே சாட்சி சொன்னவள். நகை நட்டு பெரிதாக ஒன்றும் இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்ததோடு எல்லாம் போயிற்று. மிச்சம் இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான். அதைத்தான் ஒருத்தி தெருவில் வைத்துக் கிளறிவிட்டாள்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று தமிழ்மணி அமலாவைக் கேட்டான்.

"நாங்க வேதக்காரங்க. ஆனா அவங்க சாமி முன்னாடி நின்னு அவங்க சொன்னா நான் நம்புறேன்" என்றாள் அமலா.

ஜெகதீசன் பெரிய கட்டிக் கற்பூரமாகக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்துக் கொளுத்தினான். அம்சா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சீனுவாசன் நின்றுகொண்டிருந்தான். "பாத்து, கை சுட்டுக்கப் போவுது" என்றான்.

"எங்க வூட்டுல மோட்டார் இருந்தா, அதுல ஒரு சொட்டு நாங்க இழுத்திருந்தா, இந்தக் கை அழுகிப் போவட்டும். என் மாடு மடி வத்திப் போவட்டும்!" என்று சொல்லி, எரியும் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மற்றவர்கள் செய்வது போல் தட்டிவிட்டு எடுக்கவில்லை. நெருப்பு அணைந்து, உருகின கற்பூரம் தோலில் ஒட்டும் வரைக்கும் அழுத்தினாள். ரோஷம்.

அமலா அங்கேயே மனுவை நாலாகக் கிழித்தாள். இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சுக்கோங்கக்கா. கஷ்டத்துல கேட்டுட்டேன்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். அம்சா விடவில்லை. "இனிமே ஆளைப் பாத்துப் பேசு. எங்க தெருவுல வந்து குந்திக்கினு எங்களையே திருடின்னு சொல்ற அளவுக்கு வந்துட்டீங்களா நீங்கல்லாம்?" என்றாள். அந்த 'நீங்கல்லாம்' யாரைச் சேர்த்துச் சொன்னது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அமலாவுக்கும் தெரியும். அவள் குனிந்து, பம்ப்செட்டுக்குப் போகும் வழியில் கொண்டுவந்திருந்த குடங்களை எடுத்துக்கொண்டு போனாள். தெரு திருப்தியாகக் கலைந்தது.

அன்றைக்கு ராத்திரி சீனுவாசன் அவள் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவி, ஊதி ஊதிவிட்டான். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே அம்சா தூங்கிப்போனாள்.

காலையில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். காம்பைப் பிடிக்கவே முடியாது. "நீ படு. நான் போய்க் கறந்து ஊத்திட்டு வர்றேன்" என்று சீனுவாசன் கேனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "டேங்க்குல தண்ணி ரொம்பத்தான் இருக்குது. குழாயாண்ட போவாத. கையை நனைக்காத" என்றான்.

பல வருஷமாகத் தண்ணீர் விடும் நேரத்தில் அம்சா வீட்டில் இருந்ததே இல்லை. நாலரைக்குக் கொல்லைக் கொட்டகைக்குப் போனால், சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். வரும்போது டிரம், அண்டா, சமீபத்தில் சீனுவாசன் மாடியில் வாங்கி வைத்த ஆயிரம் லிட்டர் டேங்க் எல்லாம் நிரம்பியிருக்கும். 'எங்க வூட்டுக்காரரு எனக்காவத் தண்ணி புடிச்சு வெச்சுடுவாரு' என்று சொசைட்டி வரிசையில் நிற்கும் பெண்களிடம் அவள் அலட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. மற்ற பெண்கள் தங்கள் புருஷன்மாரை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

அன்றைக்குச் சும்மா படுத்திருக்க அவளுக்கு முடியவில்லை. ஐந்தே முக்காலுக்கு எழுந்து போய், இடது கையால் முற்றத்துக் குழாயைத் திறந்தாள். நூல் மாதிரி விழுந்தது. அதுவும் விட்டு விட்டு விழுந்தது. கால் மணி நேரம் நின்று பார்த்தாள். குடத்தில் பாதி கூட ஏறவில்லை.

இந்த லட்சணத்தில் வரும் தண்ணீர் எப்படி மாடி டேங்க்குக்கு ஏறும்?

அவளுக்குச் சட்டென்று எதுவும் பிடிபடவில்லை. அண்ணாந்து டேங்க்கைப் பார்த்தாள். அதிலிருந்து இறங்கும் பைப்பைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது சுவரோரமாக வந்து துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே போய் மறைந்தது. கல்லைச் சுற்றிப் புதுசாகச் சிமெண்டு பூசியிருந்தது. அங்கிருந்து ஒரு கறுப்பு ஒயர், ஓட்டை போட்ட சுவர் வழியாகக் குளியலறைக்குள் போனது. உள்ளே, பழைய கிரைண்டருக்குப் போட்ட சுவிட்ச். கெட்டுப்போனது என்று சீனுவாசன் சொல்லி வைத்திருந்த சுவிட்ச்.

அம்சா அதை அமுக்கினாள். கல்லுக்கடியில் உர்ரென்று சத்தம் கேட்டது. மாடியில் டேங்க்குக்குள் தண்ணீர் தபதபவென்று கொட்டியது. பதறிப்போய் உடனே நிறுத்தினாள். அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கை எரிந்தது. கொப்புளத்தால் மட்டும் எரியவில்லை.

சீனுவாசன் ஏழு மணிக்கு வந்தான். பொண்டாட்டி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கேனைக் கீழே வைத்தான்.

"எப்ப போட்டது?" என்றாள் அம்சா.

"ரெண்டு மாசம் இருக்கும். நீ முகையூருக்குப் பொண்ணைப் பாக்கப் போயிருந்தியே, அப்ப."

"நேத்து நான் கற்பூரம் அடிக்கும்போது நீ எங்க நின்னுக்கினு இருந்த?"

அவன் குனிந்து கேன் மூடியைத் திருகினான்.

"யோவ், உன்னத்தான்! எங்க நின்னுக்கினு இருந்த?" முப்பது வருஷத்தில் அவள் அவனை யோவ் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"பக்கத்துலதான். கத்தாத, தெருவுல கேக்கப் போவுது."

"பக்கத்துல நின்னுக்கினு, கை சுட்டுக்கப் போவுதுன்னு சொல்லத் தெரிஞ்சுதே. சத்தியம் பண்ணாதடின்னு சொல்லத் தெரியலையா? என் கை அழுகட்டும்னு சொன்னேனே. கேட்டுக்கினுதானே இருந்த?"

"நீ தெரியாமத்தானே பண்ண? தெரியாமப் பண்ணா சாமி ஒண்ணும் பண்ணாது." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. "நீ கொல்லையில கஷ்டப்பட்டு வர்ற. வூட்டுல தண்ணி இருக்கட்டும்னுதான் போட்டேன். நான் மட்டுமா..." என்று ஏதோ சொல்ல வந்தவன், வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

தெரியாதவள் என்பதால்தானே தன்னைச் சத்தியம் பண்ண விட்டான்! தெரிந்து சொல்லியிருந்தால் குரல் நடுங்கியிருக்கும், கை பின்வாங்கியிருக்கும். தெரியாததால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள், அவ்வளவு அழுத்தி அணைத்தாள். ராத்திரி எண்ணெய் தடவி ஊதினானே, அந்த வாயால் அப்போதாவது ஒரு வார்த்தை சொன்னானா?

அவள் எழுந்து நேராக அமலா வீட்டுக்குப் போனாள். மூன்று வருஷத்தில் அந்த வாசற்படியை அவள் மிதித்ததே இல்லை. பக்கத்து வீடு, ஒரே சுவர், ஒரே குழாய், ஆனாலும் மிதித்ததில்லை. உள்ளே கட்டிலில் ஆரோக்கியராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மூலையில் துவைக்காத துணி குவிந்து கிடந்தது. அமலா ஒரு குடத்துத் தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்சா நின்றபடியே, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். மோட்டார், சுவிட்ச், முகையூர், எதையும் மறைக்கவில்லை. "எனக்குத் தெரியாது அமலா. என் பொண்ணு மேல ஆணையா தெரியாது. என்னை மன்னிச்சுடு."

அமலா பாத்திரத்தை மூடி வைத்தாள். சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்றுதான் அம்சா எதிர்பார்த்தாள்.

"எதுக்குக்கா மெதுவாப் பேசறீங்க?" என்றாள் அமலா. "நேத்து தெருவே கேக்கச் சத்தியம் பண்ணீங்க. தெருவே பாக்க நான் கையைக் கும்புட்டேன். நீங்கல்லாம்னு சொன்னீங்க, அதையும் வாங்கிக்கினு வந்தேன். இப்ப எங்க வூட்டுக்குள்ள வந்து காதுல சொன்னா ஆச்சா? அங்க சொன்னதை அங்கதானே சொல்லணும்?"

அம்சா வாசல் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணு கேக்கறேன். இன்னிக்கு உங்க மோட்டார் ஓடுச்சா?"

"இல்ல. ஒரு நிமிஷம் போட்டேன், உடனே நிறுத்திட்டேன்."

"அப்ப இன்னிக்கு எனக்குத் தண்ணி வந்திருக்கணுமே? அஞ்சரைலேருந்து ஆறரை வரைக்கும் குழாயாண்டவே குந்தியிருந்தேன். காத்துதான் வந்துச்சு."

தன் வீட்டுக் குழாயிலும் நூல்தானே விழுந்தது என்று அம்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டார் போடாத அன்றைக்கு அவள் வீடும் அமலா வீடு மாதிரிதான். அப்படியென்றால் அவளுக்கும் முன்னாலேயே இழுக்கிறார்கள். மூன்று வீடு. ஆபீசர் எதற்கு என்றவன், அதான் சரி என்றவன், தலையை ஆட்டியவள். நேற்று சாயந்திரம் ஜெகதீசன் ஏன் ஓடிப்போய்க் கட்டிக் கற்பூரம் கொண்டுவந்தான் என்று இப்போது புரிந்தது. அவளுடைய ஒரு கையை வைத்து நாலு வீட்டுத் திருட்டையும் மூடிவிட்டார்கள்.

அவள் விடுவிடுவென்று வெளியே வந்தாள். தெரு நடுவில், பிள்ளையார் கோயிலுக்கு எதிரில் நின்றாள்.

"எல்லாரும் வெளிய வாங்க! நேத்து வந்தீங்களே, அதே மாதிரி வாங்க!" அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் போனது. "எங்க வூட்டுல மோட்டார் இருக்குது! துவைக்கிற கல்லுக்கு அடியில இருக்குது! நான் பண்ணது பொய் சத்தியம்! அமலா கேட்டதுதான் நெசம்!"

சீனுவாசன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். பிடித்தது கொப்புளம் இருந்த கையை. அவள் உதறிய வேகத்தில் அவனே இரண்டடி பின்னால் போனான். கவிதா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெகதீசனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் என்ன அவசர வேலையோ, பைக்கை எடுத்துக்கொண்டு ஜல்தியாகக் கிளம்பிப் போனான்.

தமிழ்மணி மட்டும் பல் விளக்கிய வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நிதானமாக நடந்து வந்தான்.

"உன் வூட்டுலயும் இருக்குது. கவிதா வூட்டுலயும் இருக்குது, ஜெகதீசன் வூட்டுலயும் இருக்குது. இல்லன்னு சொல்லு பாக்கலாம்" என்றாள் அம்சா.

"இன்னா அண்ணி நீங்க." தமிழ்மணி சிரித்தான். "இல்லன்னு நாங்க எப்பவாவது சொன்னோமா? நேத்து எங்கள்ல யாராவது கற்பூரத்தைத் தொட்டோமா? சொன்னது நீங்க. அடிச்சது நீங்க. இப்ப அது பொய்யின்னு சொல்றதும் நீங்களே. நாங்க எதுல வர்றோம்?"

அம்சாவுக்கு அவனை அப்படியே பிடித்துத் தெருவில் தள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய்யே இல்லை. அந்தத் தெருவில் பொய் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அப்படித்தான் அவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"அமலா" என்று திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டாள். அமலா தன் வாசலில்தான் நின்றிருந்தாள். "நாளைக்குத் திங்கக்கிழமை. விழுப்புரத்துல கலெக்டர் மனு வாங்குவாரு. காலையில மொத பஸ்ஸுக்கு ரெடியா இரு."

"வூட்டு மானத்தை விழுப்புரம் வரைக்கும் கொண்டுபோவப் போறியா?" என்றான் சீனுவாசன்.

"இருந்தாத்தானே கொண்டுபோறதுக்கு" என்றாள் அம்சா.

திங்கட்கிழமை காலை அவள் சீனுவாசனிடம் மாட்டைக் கறக்கச் சொல்லவும் இல்லை, கறந்தானா என்று கேட்கவும் இல்லை. அமலாவும் அவளும் திண்டிவனம் போய் பஸ் மாறினார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அமலா மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அம்சாவும் மறுபடி கேட்கவில்லை.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் நல்ல கூட்டம். மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, அமலாவைப் பார்த்து, "இன்னாம்மா பிரச்சினை?" என்றார்.

"குடிதண்ணி வரலைங்க. மோட்டார் வெச்சு இழுக்கறாங்க."

"யாரு மேல மனு? பேரு சொல்லு."

அமலா தயங்கி, பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

"நாலு வூட்டு மேலங்க" என்றாள் அம்சா. "மொதல்ல எங்க வூட்டை எழுதுங்க. சீனுவாசன். அதுக்குக் கீழ என் பேரு, அம்சா. பொய் சத்தியம் பண்ணிப் போன தடவை மனுவைக் கிழிக்க வெச்சவள்னு போடுங்க. அதுக்கப்புறம் மத்த மூணு பேரு."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். "உன் மேல நீயே மனு குடுக்கறியா? சத்தியம் கித்தியமெல்லாம் மனுவுல எழுத மாட்டாங்கம்மா. மோட்டாரை மட்டும் எழுதினாப் போதும், வந்து எடுத்துடுவாங்க."

"மோட்டாரை அவங்க வந்து எடுத்துடுவாங்க. இதை யாரு எடுப்பாங்க?" அவள் கொப்புளம் வந்த உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள். "நான் சொன்ன மாதிரியே எழுதுங்கய்யா. எழுதிட்டு, இதோ இவங்களுக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை சத்தமாப் படிங்க" என்று அமலாவைக் காட்டினாள்.

அவர் அமலாவைப் பார்த்தார். அமலா, எழுதுங்கள் என்று தலையை அசைத்தாள். அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார்.